செத்தவன் கண் சிமிட்டிய படம்

புருஷன் செத்துப்போனதில் பிக்யூனுக்கு ஒரு பெருமை இருந்தது. இப்படிச் சொன்னால் எங்களைப் பொல்லாதவர்கள் என்பீர்கள். சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் எங்கள் மூன்றாம் வரிசையில் ஒரு மாதம் குடியிருந்து பாருங்கள், நீங்களும் இதையேதான் சொல்வீர்கள்.

பட்டினி வருஷங்களில் ஆலையிலிருந்து எத்தனையோ ஆண்கள் கடலில் இறங்கி ஹாங்காங்குக்கு நீந்திப் போனார்கள். சிலர் கரை சேர்ந்தார்கள். மற்றவர்களைச் சிப்பிப் பாறைகளும் சுறாக்களும் பார்த்துக்கொண்டன. இருபது வருஷம் கழித்து எல்லைக் கதவு கொஞ்சம் திறந்ததும், கரை சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்கு வந்து தலையைக் காட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன் தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்தான். ஒருவன் தையல் மிஷினோடு வந்தான். ஆறாம் வீட்டு சௌஹாவின் புருஷன் பிஸ்கட் டின்னோடும், அங்கே கட்டிக்கொண்ட இன்னொரு பெண்டாட்டியோடும் வந்து இறங்கினான். அந்தப் புதியவள் குதிகால் செருப்போடு எங்கள் சாக்கடையைத் தாண்டிய அழகை வரிசையே வாசலில் நின்று பார்த்தது.

அன்றைக்கு பிக்யூன் சாக்குத் தைக்கிற ஊசிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் அந்த மாதிரி ஆள் இல்லம்மா. உசிரோட இருந்திருந்தா கரை ஏறின கையோட லெட்டர் போட்டிருப்பார்."

சௌஹாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

பிக்யூனின் புருஷன் கம்சிங் பாகு காய்ச்சும் கொப்பரையில் வேலை பார்த்தவன். கொதிக்கிற பாகு ஒரு தடவை தெறித்து, இடது கன்னத்தில் வாழைக்குருத்து மாதிரி ஒரு தழும்பு வைத்துவிட்டுப் போனது. கல்யாணமாகி ஒரு கரும்பு அரவைகூட முடியவில்லை, ஒரு நாள் ஆளைக் காணோம். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செத்திருக்க வேண்டும் என்று பிக்யூன் முடிவு செய்துகொண்டாள். வருஷா வருஷம் கல்லறை பெருக்கும் நாளில் ஊர் முழுக்க மலையேறும்போது இவள் மட்டும் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து, காகிதத்தில் சட்டை தைத்து எரிப்பாள். காகிதம்தானே என்று ஏனோதானோவென்று செய்யமாட்டாள். காலர் வைப்பாள், பொத்தான் ஒட்டுவாள், முன்மடிப்பைச் செத்தவர்களுக்குப் போடுகிற மாதிரி மறுபக்கமாக மடிப்பாள். உயிரோடு இருக்கிற எங்களில் யார் வீட்டுக்காரருக்கும் அத்தனை நல்ல சட்டை கிடையாது.

சினிமாவுக்கு வருகிறேன்.

மாதத்துக்கு ஒரு தடவை சினிமா மிஷினை ஏற்றிக்கொண்டு படப்படகு வரும். சுன்கேய் என்கிறவர்தான் படம் ஓட்டுகிறவர். நாற்பது வயசு, தொந்தி, எந்நேரமும் வாயில் தர்பூசணி விதை. கூடைப்பந்து மைதானத்தில் இரண்டு மூங்கிலை நட்டு நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டுவார். அதற்கு முன்னால் முக்காலி போடச் சாயங்காலம் மூன்று மணிக்கே சண்டை ஆரம்பித்துவிடும். பிக்யூனுக்கு அந்தச் சண்டை கிடையாது. அவள் இடம் துணிக்குப் பின்னால், கால்வாய் ஓரம். ஓடிப்போனவன் பெண்டாட்டி முன்னால் உட்காரக்கூடாது என்று ஒரு காலத்தில் ஆலை அதிகாரிகள் சொல்லிவைத்திருந்தார்கள். சொன்னவர்கள் பதவி போய், அவர்களில் ஒருவர் இப்போது ஆலை வாசலில் வேர்க்கடலை விற்கிறார். ஆனாலும் பிக்யூனின் முக்காலி பின்னாலேயே இருந்துவிட்டது. கூப்பிட்டால், "அங்க ஒரே புழுக்கம். இங்க காத்து வருது" என்பாள்.

பின்னால் துணைக்கு வாத்து மேய்க்கிற கிழவர் ஒருவர் உண்டு. பாதிப் படத்தில் தூங்கிவிடுவார். ஒன்றிரண்டு வாத்துகள் கடைசிவரைக்கும் பார்க்கும்.

அந்த ஐப்பசி மாதம் வந்த படத்துக்கு என்னவோ பெரிய பெயர் இருந்தது. நாங்கள் பனிக்கூரைப் படம் என்றுதான் சொல்வோம். ஹாங்காங் கம்பெனிக்காரர்கள் வடக்கே வந்து எடுத்தது. எங்கள் ஊரில் பனியை யார் பார்த்திருக்கிறார்கள்? ஐஸ் குச்சி விற்கிறவன் பெட்டியைத் திறந்தால் புகை வருமே, அதுதான் எங்களுக்குத் தெரிந்த பனி. இந்தப் படத்திலோ உலகமே வெள்ளை. அதில் சிவப்பு மேலங்கி போட்ட ஒரு பெண், அப்பாவைக் கொன்றவனைத் தேடி வருகிறாள். மூங்கில் காட்டின் மேலேயே நடக்கிறாள். அவள் கால் வைத்தால் மூங்கில் வளைகிறது, ஆனால் அதன்மேல் இருந்த பனி ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. சத்திரத்தில் தேநீர் குடிக்க உட்காருகிறாள். கிண்ணத்திலிருந்து ஆவி நேராக மேலே போகிறது. திடீரென்று ஒரு பக்கமாக வளைகிறது. அவ்வளவுதான், யாரோ சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிட்டான் என்று மைதானம் முழுக்கத் தெரிந்துவிட்டது. விதை கொறிக்கிற சத்தம்கூட நின்றது.

பிக்யூன் இருந்த பக்கத்தில் இது இன்னும் அழகாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. முன்னால் எங்களுக்கு வெளிச்சம் துணியில் அடித்துத் திரும்பி வரும், பளிச்சென்று கண்ணைக் குத்தும். பின்னால் அவளுக்கு அது துணியில் ஊறி, கஞ்சித்தண்ணீர் மாதிரி மெதுவாக வடியும். நிறங்கள் ஓரம் கரைந்திருக்கும். கால்வாய்த் தண்ணீரிலும் இன்னொரு படம் தலைகீழாக ஓடும். சிவப்பு மேலங்கி பறந்தால் அவளுக்கு வானத்தில் ஒன்று, காலடியில் ஒன்று.

கடைசிச் சண்டை கூரைமேல். வெள்ளை ஓடுகள்மேல் கறுப்பு உடுப்புக் கொள்ளைக்காரர்கள், காகிதத்தில் மை தெளித்த மாதிரி நிற்கிறார்கள். நடுவில் அந்த ஒரு சிவப்பு. ஒவ்வொருவனாக விழுகிறான். அதில் ஒருவன் ஓட்டுவரிசையில் சறுக்கி, முற்றத்தில் மல்லாந்து விழுகிறான். அவன் முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். திறந்த கண்மேல் பனி விழுகிறது. பக்கத்தில் தாண்டிப் போகிற அவள் மேலங்கியின் நிழல் அந்த முகத்தைத் தடவிவிட்டுப் போகிறது. எதிரிதான், இருந்தாலும் மனசு கலங்குகிறது. அப்போது, செத்தவன் கண் சிமிட்டினான்!

மைதானம் வெடித்துச் சிரித்தது. "யோவ், செத்தது மறந்துபோச்சா?" என்று முன்வரிசையில் யாரோ கத்தினார்.

துணிக்குப் பின்னால் பிக்யூன் எழுந்து நின்றிருந்தாள். அந்த ஆள் கூரையில் நடந்து வந்தபோதே ஒரு தோள் இறங்கியிருந்ததைப் பார்த்தாள். பாகு வாளி சுமந்து இறங்கிய தோள். மூக்கு, தாடை, கன்னத்தில் வாழைக்குருத்து எல்லாம் அவன்தான். ஆனால் தழும்பு வலது கன்னத்தில் இருந்தது.

பிக்யூன் திரும்ப உட்கார்ந்தாள். யாரோ, எவனோ. அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கவில்லை என்பது பக்கத்து வீட்டு லாய்ஃபோங் சொல்லி எங்களுக்குத் தெரியும். லாய்ஃபோங்குக்குச் சுவர் வழியாகத் தட்டுச் சத்தத்தை எண்ணுகிற வழக்கம் உண்டு.

மறுநாள் காலை குழாயடியில் பிக்யூனே வாய் திறந்தாள். "நேத்து கூரையிலருந்து விழுந்து கண் சிமிட்டினானே ஒருத்தன்..."

"ஐயோ, அந்த அரைவேக்காட்டுப் பொணமா!" என்று லாய்ஃபோங் மறுபடியும் சிரித்தாள்.

"நடை, தோளு, தாடை, எல்லாம் அசல் எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருந்துச்சு. தழும்பு மட்டும்தான் வலது பக்கம். அவருக்கு இடது."

லாய்ஃபோங் கீரை அலசுவதை நிறுத்தினாள். "வலது பக்கமா? என்னடி உளர்ற, இடது கன்னத்துலதானே இருந்துச்சு? நான் முன்னாடி மூணாவது வரிசையில உக்காந்து பாத்தேன்."

"உனக்கு இடது எது வலது எதுன்னு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?"

"எனக்கா தெரியாது? சரி, சொல்லு பாப்போம். அந்தச் சிவப்பு அங்கிக்காரி கத்தியை எந்தக் கையில பிடிச்சா?"

"இடது கையில. எல்லாப் படத்துலயும் இடது கையிலதானே பிடிக்கிறாங்க. பழைய காலத்து வித்தை அப்படி."

குழாயடியில் ஒருத்தி வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவங்க சட்டை மடிப்பு?" என்று சௌஹா மெதுவாகக் கேட்டாள்.

"அது பொணத்துக்குப் போடுற மடிப்பு. இத்தனை வருஷமாப் பாக்கறேன், சினிமாவுல வர்ற பழங்காலத்துக்காரங்க எல்லாருக்கும் அப்படித்தான். ஆவிங்கதானே? உசிரோட இருக்கற மனுஷன் எங்கயாச்சும் மூங்கில் மேல நடப்பானா? நீங்க யாரும் அதைப் பேசறதில்லையேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் வாளி நிரம்பி வழிந்து, நாலாம் வீட்டுப் படி நனைந்துவிட்டது. பிக்யூனுக்கு முகம் சிவந்தது. லாய்ஃபோங் ஈரக் கையோடு அவளைத் தரதரவென்று படித்துறைக்கு இழுத்துப் போனாள். வரிசை முழுக்கப் பின்னால் போனது. இதையெல்லாம் விட்டுவிட்டுச் சோறு வடிக்க முடியுமா?

சுன்கேய் படகில் உட்கார்ந்து கஞ்சியில் உப்புமுட்டை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு பிக்யூனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா அந்தப் பக்கம் உக்காந்து பாக்கறீங்க?"

"எப்பவுமே அங்கதான்."

"அக்கா, நீங்க பாத்த படம் ஒண்ணுகூட நாங்க ஓட்டின படம் இல்லை."

அவர் ஆலைச் சாக்கு ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். ஆலையின் பெயர் சிவப்பாக அச்சடித்த காலிச் சாக்கு. பிக்யூனுக்கு எழுத்து அவ்வளவு வராது. ஆனால் அந்தப் பெயரை நாள் முழுக்க விரலுக்கடியில் வைத்துத் தைக்கிறவள் அவள். சாக்கின் பின்பக்கமாக அவளை நிறுத்தினார். வெயிலில் எழுத்துகள் திரும்பித் தெரிந்தன.

"உள்வெளியாத் திருப்பின சாக்கு" என்றாள் பிக்யூன், தனக்குள்.

"அதேதான். வலது இடதாகும், இடது வலதாகும். ஏன் கிழவரே, பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

வாத்துக்காரக் கிழவர் துடுப்பில் சாய்ந்து நின்றிருந்தார். "படம் பாக்கவா நான் வந்தேன்? காத்து வாங்க வந்தேன்."

லாய்ஃபோங் துள்ளிக் குதித்தாள். "அப்போ தழும்பு இடது கன்னத்துல! உன் ஆளேதான்டி! உசிரோட இருக்கார்! சினிமாவுல இருக்கார்!"

வரிசைக்குத் திருவிழா வந்துவிட்டது. ஒருத்தி பிக்யூனின் தோளைக் குலுக்கினாள். இன்னொருத்தி அவள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியை எந்த மூலையில் வைத்தால் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். சௌஹா மட்டும் கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தாள்.

"உசிரோடதான் இருந்தாரா?" என்றாள் அவள். "அப்போ ஏன் ஒரு லெட்டர்கூடப் போடலை?"

பழிவாங்கத்தான் கேட்டாள், சந்தேகமில்லை. கேட்ட பிறகு அவளுக்கே என்னவோ போலாகி, முந்திய தினம் துவைத்த துணி காய்ந்துவிட்டதா பார்க்க வேண்டும் என்று நழுவினாள். ஆனால் கேள்வி படித்துறையிலேயே நின்றுவிட்டது. யாரும் பிக்யூனின் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள்கூட. துணிக்குப் பின்பக்கம் இருந்து பார்த்தால் கம்சிங் செத்துப்போனவன், ஆனால் அவளுடையவன். முன்பக்கம் வந்து பார்த்தால் உயிரோடு இருக்கிறவன். அப்புறம் அவன் யாருடையவனோ.

பிக்யூன் சாக்கை வாங்கி, மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "அது அவர் இல்லை. தழும்பெல்லாம் சினிமாக்காரங்க மை வெச்சு வரையறது. ஏன் சுன்கேய், வரைவாங்கதானே?"

"வரைவாங்க" என்றார் சுன்கேய். கஞ்சி ஆறிப்போய்க்கொண்டிருந்ததால் மனசார ஒத்துக்கொண்டார். பிறகு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "செத்துக் காட்டறவங்களுக்கு அங்க தனியாச் சிவப்பு உறையில காசு கொடுப்பாங்களாம். பீடை கழியணும்னு. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு உறை" என்றார்.

"யாரோ ஒருத்தன் அங்க செத்துச் செத்துச் சம்பாதிக்கிறான். இங்க நான் என் காசுல காகிதம் எரிக்கிறேன்" என்றாள் பிக்யூன்.

அது நகைச்சுவைதான். எங்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

அன்றைக்குப் படம் செங்கல்சூளைத் துறையில். மத்தியானம் பிக்யூன் தலை வாரிக்கொண்டு உப்புக் கருவாடு வாங்கப் போவதாகச் சொன்னாள். கருவாடு எங்கள் தெருமுனையிலேயே கிடைக்கும். அதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை. லாய்ஃபோங்கும் தனக்குச் சூளையில் ஒரு சித்தி இருப்பதாக அவசரமாகக் கண்டுபிடித்து, அதே படகில் ஏறிக்கொண்டாள்.

சூளையில் பிக்யூனின் கால் பழக்கத்தில் துணிக்குப் பின்னால்தான் போனது. லாய்ஃபோங் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இந்தப் பக்கம் வாடி. வந்த வேலையைப் பாப்போம்."

அப்படித்தான் பிக்யூன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெளிச்சம் பளீரென்று அடித்தது. சிவப்பு அங்கிக்காரி தவறான பக்கத்திலிருந்து வந்தாள். கத்தி வலது கையில் இருந்தது. சட்டை மடிப்பு எங்களுடையதைப் போலவே இருந்தது. தெருவில் காய்கறி வாங்கப் போகிறவர்களுடையது மாதிரி. ஆவிகளாக பிக்யூன் மரியாதை வைத்திருந்த அத்தனை பேரும் பசியும் மூச்சும் உள்ள சாதாரண மனுஷர்களாகிவிட்டார்கள். மூங்கில் மேல் நடக்கும்போது அவள் விழுந்துவிடுவாளோ என்று பிக்யூனுக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. உயிர் இருக்கிறவள் விழுந்தால் அடிபடுமே. தேநீர்க் கிண்ணத்தின் ஆவி வளைந்ததைப் பார்த்தபோது லாய்ஃபோங்கின் முழங்கையைப் பிடித்தாள். அதற்கப்புறம் விடவில்லை.

கூரை வந்தது. தோள் இறங்கிய ஆள் வந்தான், சறுக்கினான், விழுந்தான். பனி அவன் முகத்தில் விழுந்தது.

தழும்பு இடது கன்னத்தில் இருந்தது. மை வைத்து வரைந்ததாக இருந்தால் அந்த வாழைக்குருத்தின் நுனியில் ஒரு சின்ன மடிப்பு இருக்காது. அது இருப்பது கம்சிங்குக்குத் தெரியாது. பிக்யூனுக்குத்தான் தெரியும், அவளுடைய சுண்டுவிரல் நுனி அளவு. அரவைக் காலத்தில் ஆலையிலிருந்து வரும்போது அவன் இமையெல்லாம் சர்க்கரைத் தூள் ஒட்டியிருக்கும். அவள் ஊதிவிடுவாள். ஊதும்போது அசையாதே என்றால் அசையாமல் இருப்பான், ஆனால் கண்ணை மட்டும் அவனால் கட்டுப்படுத்த முடியாது. ஒரு தடவை சிமிட்டிவிட்டு, "இல்லை, சிமிட்டலை" என்பான். புளுகன்.

செத்தவன் கண் சிமிட்டினான். சூளைக்காரர்கள் ஹோவென்று சிரித்தார்கள்.

"என்னடி? அவர்தானா?" என்றாள் லாய்ஃபோங், காதோடு.

"இல்லை."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். இல்லை. முழங்கையை எடுத்துக்கோ, வலிக்கப்போகுது."

லாய்ஃபோங் வீட்டுக்கு வந்து காட்டினாள். முழங்கைக்கு மேல் ஐந்து விரலும் பதிந்து, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அவர்தான் என்று வரிசை அந்த முழங்கையைப் பார்த்தே தெரிந்துகொண்டது.

அதற்குப் பிறகு பிக்யூன் செய்ததைப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. நானும் கொஞ்சம் சொன்னேன். தினம் வேலை முடிந்ததும் வாத்துக்காரக் கிழவர் படகில் ஏறி, படம் எந்தத் துறைக்குப் போகிறதோ அங்கே போய்விடுவாள். பட்டுப்புழுப் பண்ணைக்குப் போனாள், மீன்குட்டைக் கிராமத்துக்குப் போனாள். எல்லா இடத்திலும் துணிக்குப் பின்னால்தான் உட்கார்ந்தாள் என்று சேதி வந்தது. கிழவருக்குப் படகு வாடகைக்குப் பதில் சட்டை தைத்துக் கொடுத்தாள். துணிச் சட்டைதான், உயிருள்ளவர்கள் மடிப்பில்.

குழாயடியில் லாய்ஃபோங்தான் கேட்டுப் பார்த்தாள். "ஏன்டி, அவர் இல்லைங்கறே. அப்புறம் எதுக்குத் தினம் ஓடறே?"

"அந்தப் பொண்ணு மூங்கில் மேல நடக்கறா பாரு, அதைப் பாக்கத்தான்."

"அந்தக் கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதிப் போடலாம். எங்க வீட்டுக்காரர் எழுதுவார். கூரையிலருந்து விழுந்த ஆள்னு போட்டா தெரியாதா?"

"என்னன்னு எழுதுவே? 'நீங்க செத்தது நல்லா இல்லை'ன்னா?"

சௌஹா அன்று வாளியை நிரப்பிக்கொண்டு போகாமல் நின்றாள். "பின்னாடி உக்காந்தா அவர் திரும்பவும் செத்துப்போயிடறாரு, இல்லே? அதுக்குத்தான் போறியா?" என்றாள். இந்தத் தடவை குத்திக் கேட்கவில்லை. தெரிந்தவள் தெரிந்தவளிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

பிக்யூன் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "முன்னாடியெல்லாம் அப்படித்தான் ஆகும். இப்போ எந்தப் பக்கம் உக்காந்தாலும் சிமிட்டறாரு, அக்கா" என்றாள்.

அரவை ஆரம்பித்துவிட்டால் ஆலையில் யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. அதனால் அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பனிக்கூரையை எங்கள் மைதானத்திலேயே ஓட்டச் சொன்னார்கள். மறுநாள் படப்படகு வேறு ஆற்றுக்குப் போய்விடும். இனி அந்தப் படம் இந்தப் பக்கம் வராது என்றார் சுன்கேய். லாய்ஃபோங் முன்வரிசையில் பாயைப் போட்டு, நடுவில் ஓர் இடத்தைக் காலி வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்துக்கு வந்த மூன்று பேரைத் திட்டி அனுப்பினாள். நாலாவதாக வந்தது மேலாளர் மனைவி. அவளையும்தான்.

பிக்யூன் முக்காலியோடு வந்தாள். பாயைப் பார்த்தாள். "அப்படியே வெச்சிரு" என்றாள். நடந்து துணிக்குப் பின்னால் போய்விட்டாள்.

படம் எங்களுக்கு மனப்பாடம். இருந்தாலும் மூங்கில் வளைந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டோம். தேநீர் ஆவி வளைந்தபோது விதை கொறிப்பதை நிறுத்தினோம். கூரை வந்ததும் முன்னாலிருந்த பிள்ளைகள் சிரிப்பதற்கு முன்கூட்டியே தயாரானார்கள். அவன் சறுக்கினான், விழுந்தான். முகம் துணி முழுக்க வந்தது. பனி விழ ஆரம்பித்தது.

அப்போது அவனுடைய இடது கன்னம் அசைந்தது.

முதலில் காற்று என்று நினைத்தோம். காற்று இல்லை. தழும்பு இருந்த இடத்தில் துணி எங்கள் பக்கமாக மெல்லப் புடைத்தது. ஐந்து விரலும் ஒரு உள்ளங்கையும் தெளிவாகத் தெரிந்தன. துணிக்குப் பின்னாலிருந்து ஒரு கை அந்தக் கன்னத்தைத் தாங்கியிருந்தது. கட்டைவிரல் தழும்பின் நுனிவரை போயிற்று, அங்கே நின்றது. அந்த முகம் முழுக்க ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது, யாரோ ஒருத்தியின் கைக்குள் தலையைச் சாய்த்துக்கொள்கிற மாதிரி. சிவப்பு அங்கியின் நிழல் முகத்தையும் கையையும் சேர்த்துத் தடவிவிட்டுப் போயிற்று.

"துணியைத் தொடாதீங்க! யாரது அங்க?" என்று கத்த சுன்கேய் வாயைத் திறந்தார். பாதியில் விட்டுவிட்டார். மிஷின் மட்டும் கடகடவென்று ஓடியது.

செத்தவன் கண் சிமிட்டினான். மைதானத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த காட்சிக்குப் படம் போய்விட்டது. சிவப்பு அங்கிக்காரி பனியில் தனியாக நடந்து போனாள். கை இன்னும் அங்கேயே இருந்தது. இப்போது அதற்குள் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைப் பனி. பிறகு அந்தக் கையும் மெதுவாக விலகியது. துணி நிமிர்ந்தது.

விளக்கு போட்டதும் பிக்யூன் மூங்கிலைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். நாங்கள் எல்லாரும் எழுந்திருந்தோம், ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை. லாய்ஃபோங்கின் பாயில் அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்து, முக்காலியை மடியில் வைத்துக்கொண்டாள். கை ஈரமாக இருந்தது. பனித்துளி விழுந்த துணியைத் தொட்டால் ஈரமாகத்தானே இருக்கும். அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"அவர்தான்" என்றாள். "கன்னம் ஒட்டிப்போச்சு. அந்த ஊர்ல யாரும் ஒழுங்காச் சோறு போடறதில்லை போலிருக்கு."